ஜாலான் ஸ்டோனரில் ஒரு பலகை வீடு

பழைய வீட்டைச் சீர்செய்வதில் இரண்டு விதம் உண்டு. வேலை முடிந்ததும் புது வீடு மாதிரி பளபளப்பது ஒரு விதம். வேலை முடிந்த பிறகும் பழைய வீடாகவே இருந்து, ஆனால் இன்னும் ஐம்பது அறுபது வருடம் தாங்குவது இன்னொரு விதம். முதலாவதை நம் ஊரில் எங்கும் பார்க்கலாம். இரண்டாவதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களை நான் ஜாலான் ஸ்டோனர் இரண்டாம் எண்ணுக்கு அனுப்புவேன்.

கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்திலிருந்து நடந்தே போய்விடலாம். சுற்றிலும் அடுக்குமாடிகள். நடுவே மரங்கள் சூழ்ந்த ஒரு வளாகம். 1920-களின் பங்களா ஒன்று. அதன் பக்கத்தில் கால்கள் மேல் நிற்கும் மலாய்ப் பலகை வீடு. ‘ரூமா பெங்ஹுலு அபு செமான்’ என்று பெயர். கெடா மாநிலத்தில் ஊர்த்தலைவராக இருந்த அபு செமான் 1910-இல் தொடங்கி 1930-களின் ஆரம்பம் வரை, கையில் காசு சேரச் சேரப் பகுதி பகுதியாகக் கட்டிய வீடு. பிற்காலத்தில் கவனிப்பாரற்றுச் சிதைந்து கிடந்ததை, பாடான் வாரிசான் மலேசியா என்ற பாரம்பரியக் காப்பு அறக்கட்டளை 1990-களின் நடுவில் மீட்டு, கழற்றிக் கொண்டுவந்து, இங்கே மறுபடி பூட்டி நிறுத்தியது. அந்த அமைப்பு 1983-இல் பிறந்தது. அரசுத் துறை அல்ல; கட்டடக் கலைஞர்களும் ஆர்வலர்களும் உறுப்பினர்களாகச் சேர்ந்து, நன்கொடை திரட்டி நடத்துவது.

கோலாலம்பூருக்கு ஒரு பலகை வீடு கெடாவிலிருந்து வரவேண்டியிருந்தது என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்த ஊரே ஒரு காலத்தில் மரமும் அத்தாப்பும்தான். 1881-இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து ஊரைத் தின்றன. அதற்குப் பிறகு ரெசிடெண்ட் ஃபிராங்க் சுவெட்டன்ஹாம், இனிச் செங்கல்லும் ஓடும்தான் என்று உத்தரவு போட்டார். அந்தச் செங்கல்லைச் சுட்ட சூளைகள் இருந்த இடம்தான் நம் பிரிக்பீல்ட்ஸ். நம்மவர்கள் அங்கே ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியேறுவதற்கு முன்பே, நகரத்துப் பலகை வீடுகளின் கதையை அந்தச் சூளைகள் ஏறக்குறைய முடித்துவைத்துவிட்டன. கம்போங் பாருவில் இன்னும் சில மிச்சமிருக்கின்றன. அவற்றுக்கும் எத்தனை நாள் ஆயுளோ.

இந்த வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் நேரே படியேறி விடுகிறார்கள். அது தப்பு. முதலில் குனிந்து வீட்டுக்கு அடியில் பார்க்க வேண்டும். மலாய் வீட்டின் தூண் மண்ணுக்குள் இறங்குவதில்லை. சிறு பீடத்தின் மேல் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். மண்ணில் நட்டால் ஈரம் ஏறும், கறையான் ஏறும், அடி இற்றுப்போகும். பீடத்தில் நிறுத்தினால் காற்று உள்ளே புகுந்து வெளியே போகும். வெள்ளம் வந்தால் அடியில் ஓடிவிடும். கறையான் மேலே ஏறினாலும் அதன் மண்கோடு கண்ணுக்குத் தெரியும். வசதியுள்ளவர்கள் தூணுக்குச் செங்கால் மரத்தைத் தேடிப் போவார்கள். நன்றாக வைரம் பாய்ந்த செங்காலைக் கறையான் அவ்வளவு எளிதில் சீண்டாது.

கிள்ளானில் நாற்பது வருடம் ஆசாரி வேலை பார்த்த பெரியவர் ஒருவரை ஒருமுறை இங்கே கூட்டிப்போனேன். அவர் செதுக்கு வேலையைப் பார்த்து வியப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ தூணும் உத்திரமும் சேரும் இடத்தில் கையை வைத்துத் தடவிக்கொண்டு நின்றார். ஒரு மரத்தில் துளை, இன்னொன்றில் நாக்கு, இரண்டையும் இறுக்க ஒரு ஆப்பு. மலாய்த் தச்சர்கள் இதை ‘தங்ஙாம்’ என்பார்கள்.

“இங்க ஆணி எங்கய்யா அடிச்சிருக்கான்?” என்று கேட்டேன்.

“எதுக்கு அடிக்கணும் தம்பி? ஆணி துருப்பிடிக்கும், மரத்தையும் சேத்துத் தின்னும். ஆப்பு தளந்தா ரெண்டு தட்டு தட்டு, இறுகிப்போகும். ஊர் மாறணும்னா ஆப்பைப் பிடுங்கு, வீட்டைத் தூக்கிட்டுப் போ.”

அவர் சொன்னதில் மிகை இல்லை. கம்பத்தில் நிலம் கைமாறினால், ஊரே திரண்டு வீட்டைத் தோளில் தூக்கி நகர்த்திய வழக்கம் மலாய் மக்களிடம் இருந்திருக்கிறது. பெரிய வீடென்றால் கழற்றிப் போய்ப் பூட்டுவார்கள். ஆகவே கெடாவிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு வீடு வந்து சேர்ந்ததை நவீனத் தொழில்நுட்பத்தின் சாதனை என்று சொல்ல மாட்டேன். முதன்முதலில் அதைக் கோத்த தச்சனே அதற்கு வழி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பின்னால் வந்தவர்கள் செய்ய வேண்டியது பொறுமையான வேலை: கழற்றும் முன் அளவெடுத்து வரைவது, ஒவ்வொரு துண்டுக்கும் எண் போடுவது, எது எதோடு சேரும் என்று எழுதிவைப்பது. இதில் ஒரு எண் தவறினால் பூட்டும்போது ஒரு சுவரே நிற்காது.

மேலே ஏறினால் ஜன்னல்களைத் தரையில் உட்கார்ந்து பாருங்கள். நாற்காலியில் உட்காரும் நமக்கு அவற்றின் உயரம் புரியாது. பாயில் உட்கார்ந்து பேசி, பாயில் படுத்துத் தூங்கிய மக்களுக்காக அமைந்தவை அவை. தரைமட்டம் வரை இறங்கும். காற்று தலைக்கு மேலே போகாமல் உடம்பில் படும். சுவருக்கு மேல் பகுதியில் செதுக்கிய பலகைகள் இருக்கும். அழகுக்கு மட்டும் என்று நினைக்கிறோம். உள்ளே சேரும் வெக்கை அந்தத் துளைகள் வழியேதான் வெளியேறும். வெயில் அவற்றின் ஊடே விழுந்து தரையில் பூப்போடும் நேரத்தில் போனால் இரட்டை லாபம். மின்விசிறி இல்லாமல் நண்பகலில் அங்கே அரைமணி நேரம் உட்கார முடிகிறது. நம் வரிசை வீடுகளில் அது முடியுமா?

இனிச் சீர்செய்த கைவேலைக்கு வருகிறேன். பழைய மர வீட்டில் முதலில் கெடுவது தூணின் அடி, பிறகு மழைச்சாரல் படும் பலகை, பிறகு கூரை ஒழுகும் இடத்துக் கைமரம். சாதாரண மேஸ்திரி முழுத் தூணையும் பிடுங்கிப் புதுசு போட்டுவிடுவார். கணக்கும் சுலபம், கூலியும் அதிகம். தேர்ந்த கை அப்படிச் செய்யாது. இற்ற பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, அதே சாதி மரத்தில், அதே நரம்போட்டம் பார்த்து ஒரு துண்டு தேடி, பழையதையும் புதியதையும் பாதிப்பாதியாக வெட்டிக் கோத்து முளை அடிக்கும். பாரம் அந்த ஒட்டின் வழியே சீராக இறங்க வேண்டும். அதைவிடக் கடினம் அடுத்த படி: புதுத் துண்டுக்குச் சாயம் பூசிப் பழசு மாதிரி நடிக்க வைக்காமல் விட்டுவிடுவது. சாம்பல் ஏறிய பலகைக்குப் பக்கத்தில் சற்றே வெளிறிய பலகை தெரிந்தால் அதைக் குறையாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதுதான் நேர்மை. அம்மா பட்டுச் சேலைக் கிழிசலை இழையோட்டித் தைத்தால் தையல் தெரியத்தான் செய்யும், சேலை போகாது.

இதே அமைப்பு மலாக்காவில் ஹீரன் தெரு எட்டாம் எண் வீட்டிலும் இப்படி வேலை செய்திருக்கிறது. டச்சுக்காரர் காலத்துப் பதினெட்டாம் நூற்றாண்டு வீடு. அது செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். பழைய சுவருக்குச் சிமெண்டு பூசினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரைப் பெயர்க்கும். சுண்ணாம்பு ஈரத்தை விட்டுவிடும். கடுக்காயும் கருப்பட்டியும் கலந்து சுண்ணாம்பு அரைத்த கொத்தனார்களின் வம்சத்துக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் மறந்துவிட்டோம்.

மறந்தது அது மட்டுமல்ல. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்று திருப்பணி செய்கிற சமூகம் நாம். பராமரிப்பை இவ்வளவு ஒழுங்காக நாள்காட்டியில் ஏற்றிவைத்தவர்கள் உலகத்தில் அதிகம் இல்லை. ஆனால் திருப்பணி என்றால் நமக்கு எனாமல் பெயிண்டும் குளியலறை ஓடும் என்றாகிவிட்டது. தமிழ்நாட்டில் கோயில் கற்சுவரை மணல் வீச்சால் சுத்தம் செய்யப்போய்க் கல்வெட்டு எழுத்துகளே மழுங்கியிருக்கின்றன. பக்தியில் குறையில்லை, பழசு என்றால் அழுக்கு என்ற எண்ணம்தான் கெடுக்கிறது.

பழைய வீட்டைச் சீர்செய்த பிறகு என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. இங்கிலாந்தின் பிரிஸ்டல் கால்வாயில் லண்டி என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. 1969-இல் ஜாக் ஹேவர்ட் என்ற செல்வந்தர் ஒன்றரை லட்சம் பவுன் கொடுத்து அதை நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியக் காப்பு அறக்கட்டளையின் கைக்கு வரச்செய்தார். தீவை நடத்தும் பொறுப்பு, 1965-இல் ஜான் ஸ்மித் தொடங்கிய லேண்ட்மார்க் டிரஸ்டிடம் போனது. பழைய கலங்கரை விளக்கம், கோட்டை, குடிசைகள் என்று ஒவ்வொன்றாகச் செப்பனிட்டு, விடுமுறைக்கு வந்து தங்குகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். அந்த வாடகைதான் கூரையைக் காப்பாற்றுகிறது. தொண்டர்கள் படகேறி வந்து களை பிடுங்கிக் கற்சுவரை அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நம் லங்காவியிலும் இதன் சாயலில் ஒன்று நடந்தது. நரேல் மக்மர்ட்ரி என்ற ஆஸ்திரேலியப் பெண்மணி பழைய மலாய் வீடுகளைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து போன் டோன் என்ற விடுதியாக்கினார். அது தனியார் தொழில்தான். ஆனாலும் அந்த வீடுகளில் விளக்கு எரிந்தது, ஆள் புழங்கினார்கள்.

ஜாலான் ஸ்டோனர் வீட்டில் எனக்கிருக்கும் ஒரே மனக்குறை இதுதான். அங்கே யாரும் படுத்துத் தூங்குவதில்லை. மழை கூரையில் விழும் சத்தத்தை இரவு பத்து மணிக்கு அந்த வீட்டுக்குள் இருந்து கேட்க வழியில்லை. காட்சிப்பொருளாக இருப்பதற்கும் வீடாக இருப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அடுப்பு புகையாத மர வீட்டில் பூச்சிக்குக் கொண்டாட்டம் என்பது கம்பத்துப் பெரியவர்கள் சொல்வது. மாதத்துக்கு ஓர் இரவாவது பத்துப் பேருக்குப் பாய் விரித்துக் கொடுத்தால் என்ன என்று தோன்றும்.

எல்லா வீட்டுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை என்பதும் தெரியும். ஜாலான் அம்பாங்கில் 1929-இல் எழுந்த போக் மாளிகை, தேசிய பாரம்பரியச் சட்டம் வந்த மறு ஆண்டே, 2006 டிசம்பரில் இடிக்கப்பட்டது. அதே நகரத்தில் வேறு முடிவும் உண்டு: பிரிக்பீல்ட்ஸில் 1904-இல் கட்டிய விவேகானந்தா ஆசிரமத்தை ஒட்டி மாடிக் கட்டடம் எழும் என்ற பேச்சு 2014-இல் எழுந்தபோது மக்கள் கூடி நின்றார்கள், பிறகு அது பாரம்பரியக் கட்டடமாக அறிவிக்கப்பட்டது.

ஆசிரமம் தப்பியது, கோயில்கள் தப்பும். நாம் உண்மையில் வாழ்ந்த வீடு எங்கே? கிள்ளான் பள்ளத்தாக்கின் ரப்பர் தோட்டங்களில் நம் பாட்டன்மார் இருந்த லயங்கள் ஒவ்வொன்றாகத் தாமான்களாக மாறிவிட்டன. துரை பங்களாவை யாராவது உணவகமாக்கிக் காப்பாற்றி விடுவார்கள். லயத்துப் பலகை வீட்டுக்கு அந்த யோகம் கிடையாது. செதுக்கு வேலை இல்லை, வைரம் பாய்ந்த தூணும் இல்லை. ஆனால் ஒரு தடுப்புக்கு இரு புறமும் இரு குடும்பம் வாழ்ந்த அளவு, ஐந்தடி வாசலில் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் இருந்த இடம், இவை வேறெங்கும் எழுதப்படவில்லை.

உங்களுக்குத் தெரிந்த தோட்டத்தில் ஒரு லயம் இன்னும் நின்றால், இடிக்கும் வண்டி வருவதற்குள் ஒரு டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். நீளம், அகலம், தூணுக்குத் தூண் தூரம், ஜன்னல் உயரம் எழுதுங்கள். நான்கு பக்கமும் படம் எடுங்கள். அங்கே வாழ்ந்தவர் யாராவது இருந்தால் எந்த மூலையில் என்ன இருந்தது என்று கேட்டுக் குறித்துவையுங்கள். அதற்கு முன் ஒருநாள் ஜாலான் ஸ்டோனருக்குப் போய்வாருங்கள். திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது.