பொன்மொழியில் அடங்காத எலியட்

ஆங்கில நாவலாசிரியை ஜார்ஜ் எலியட் உயிரோடு இருக்கும்போதே அவர் நாவல்களிலிருந்து நல்ல வரிகளைப் பொறுக்கித் தனிப் புத்தகமாக்கிவிட்டார்கள். தொகுத்தவர் அலெக்ஸாண்டர் மெயின் என்ற ஸ்காட்லாந்து ரசிகர். வெளியிட்டவர் எலியட்டின் பதிப்பாளரான ஜான் பிளாக்வுட். அவருடைய 'மிடில்மார்ச்' நாவல் பகுதி பகுதியாக வரத் தொடங்கிய 1871 கடைசியில் இதுவும் கடைக்கு வந்தது. மெயினின் பரவசத்தைப் பிளாக்வுட் உள்ளுக்குள் கேலி செய்தார், வியாபாரத்தை விடவில்லை.

அந்த வரிகளில் சரக்கு இல்லாமலில்லை. கிறித்தவத்தை விமர்சித்த ஜெர்மானியச் சிந்தனையாளர்களான ஸ்ட்ராஸையும் ஃபாயர்பாக்கையும் ஆங்கிலத்தில் பெயர்த்தவர் எலியட். கடவுள் நம்பிக்கை போன பிறகும் அயலாருக்கு நாம் பட்ட கடமை போகவில்லை என்று நினைத்தவரின் வாக்கியம் தனியே நின்றாலும் கனக்கத்தான் செய்யும். 800 பக்க நாவலைத் தொடத் தயங்குபவர் இந்த வழியாகவாவது உள்ளே வரட்டுமே.

ஆனால் எலியட்டின் விவேகம் வரியில் இருப்பதைவிட, அது வந்து விழும் இடத்தில்தான் அதிகம். 'மிடில்மார்ச்'சில் வங்கிக்காரர் புல்ஸ்ட்ரோடின் பழைய அயோக்கியத்தனம் ஊரறிய வெளியாகிறது. மனைவி ஹாரியட் அறைக்கதவைப் பூட்டிக்கொள்கிறாள். நகைகளைக் கழற்றுகிறாள், சாதாரணக் கறுப்பு உடைக்கு மாறுகிறாள், அலங்காரத் தொப்பியை வைத்துவிட்டு எளியதொன்றை அணிகிறாள். பிறகு கீழே இறங்கிப்போய், குறுகி உட்கார்ந்திருக்கும் கணவனின் கைமேல் கை வைக்கிறாள். எவ்வளவு நிஜம் என்று அவள் கேட்கவில்லை. நான் நிரபராதி என்று அவனும் சொல்லவில்லை. இந்த ஹாரியட் பகட்டுப் பிரியை என்றுதான் அதுவரை எண்ணியிருந்தோம். நம் தீர்ப்பு நம் கண்முன்னே கவிழ்கிறது. இதைக் கத்தரித்து, நாளுக்கொரு மேற்கோள் அச்சிட்ட பிறந்தநாள் புத்தகத்தில் ஒட்ட முடியாது. (1878இல் அப்படியும் ஒரு புத்தகம் வந்தது.)

எல்லாவற்றையும் பொதுவிதிகொண்டு அளப்பவர்களை 'தி மில் ஆன் தி ஃப்ளாஸ்' நாவலில் அவரே கடிந்திருக்கிறார். அதற்கு அவர் வாழ்க்கையிலேயே காரணம் உண்டு. மனைவி வேறொருவருக்குப் பெற்ற பிள்ளையைத் தன் பெயரில் பதிந்ததால் விவாகரத்துக்கு வழியில்லாமல் போனவர் ஜார்ஜ் ஹென்றி லூயிஸ். அவரோடு 1854 முதல் எலியட் சேர்ந்து வாழ்ந்தார். விஷயம் தெரிந்ததும் அண்ணன் ஐசக் 1857இல் உறவை முறித்தார். லூயிஸ் இறந்தபின், 1880இல், எலியட் ஜான் கிராஸை முறைப்படி மணந்த பிறகுதான் அண்ணனிடமிருந்து வாழ்த்துக் கடிதம் வந்தது. விதி நிறைவேறிவிட்டதல்லவா!

இருந்தும் வரிகளைத் தனியே வெட்டியெடுத்த பழி முழுவதையும் மெயின் தலையில் கட்டுவது நியாயமாகாது. தொகுப்புக்கு எலியட் சம்மதம் தந்தார், லூயிஸ் உற்சாகப்படுத்தினார். 'மிடில்மார்ச்' அத்தியாயங்கள் பலவற்றின் தலைப்பில் எலியட்டே முகப்பு வரிகளை இயற்றி வைத்தார். மேற்கோளுக்கு இலை போட்டவர் அவர்தான். கதை தளரும் இடங்களில், குறிப்பாக 'ரோமோலா' நாவலில், பாத்திரம் பேச வேண்டியதை அவர் முந்திக்கொண்டு விளக்கிவிடுகிறார். அங்கே மெயினின் கத்தரிக்கோல் சுலபமாக ஓடும். வெட்டியெடுத்தால் நாவலுக்குப் பெரிய சேதமுமில்லை. ஹாரியட் வரும் அத்தியாயத்தில்தான் அந்தக் கத்தரிக்கு வேலையில்லை.