ஔவையார் (1953 திரைப்படம்): ஒரு மதிப்பீடு

ஔவையார் 1953-ல் வெளிவந்த தமிழ்த் திரைப்படம். எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோஸ் தயாரித்தது. கொத்தமங்கலம் சுப்பு இயக்கினார். கே.பி. சுந்தராம்பாள் ஔவையாராக நடித்தார். தமிழ்ப் பெண்பாற் புலவர் ஒருவரைப் பற்றிய படங்களில் இன்றும் அதிகம் நினைவுகூரப்படுவது இது.

கதை

கைவிடப்பட்ட பெண் குழந்தை பிறரால் வளர்க்கப்படுகிறாள். பருவம் வந்ததும் திருமணப் பேச்சு எழுகிறது. இல்லறத்தில் நாட்டமில்லாத அவள் பிள்ளையாரிடம் முறையிட்டு முதுமையை வாங்கிக்கொள்கிறாள். இளம் ஔவையாகக் குசலகுமாரி நடித்துள்ளார். பின்னர் ஔவை ஊர்தோறும் நடந்து நீதி சொல்கிறார். பாரியின் மகளிருக்கு மணம் முடித்து வைக்கிறார். யானைக் கூட்டம் கோட்டையைத் தகர்க்கும் காட்சி ஜெமினியின் பிரம்மாண்டத்துக்குச் சான்று.

நடிப்பும் இசையும்

படத்தைத் தாங்கி நிற்பது சுந்தராம்பாளின் குரல். கணவர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933-ல் மறைந்தபின் வெள்ளைச் சேலையும் திருநீறுமாக வாழ்ந்தவர் அவர். ஔவையின் துறவுக்கோலம் அவருக்கு ஒப்பனையாகத் தோன்றவில்லை. நாடக மேடையில் பழகிய கணீரென்ற உச்சரிப்பில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கிறது. செய்யுளைப் பொருள் விளங்கப் பாடுவது எப்படி என்பதற்கு இப்படம் நல்ல பாடம்.

வரலாறும் படமும்

ஔவை என்ற பெயரில் ஒருவருக்கு மேற்பட்ட புலவர்கள் இருந்தனர் என்பது ஆய்வாளர் கருத்து. சங்க கால ஔவையின் பாடல்கள் 59: புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலிய நீதிநூல்களைப் பாடியவர் பல நூற்றாண்டுகள் பிந்தியவர். படம் இவர்களையும் செவிவழிக் கதைகளையும் ஒரே மூதாட்டியாக்குகிறது. பாரி மகளிரைப் பேணியவர் கபிலர் என்பது சங்க மரபு; அப்பொறுப்பை ஔவைக்குத் தந்தது பிற்காலக் கதை மரபு.

இதில் காலப்பிழையைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. சங்க ஔவை தகடூர் அதியமானின் நண்பர். அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர். அவனுடன் கள் பகிர்ந்து உண்டதையும் அவன் இறந்தபோது பட்ட துயரையும் பாடியவர். 26 பாடல்களில் காதலையும் பிரிவையும் பேசியவர். இந்த ஔவை படத்தில் இல்லை. மதராஸ் மாகாணம் முழுவதும் 1948-ல் மதுவிலக்கு வந்திருந்தது. அக்காலத்துக் குடும்பப் படத்தில் கள்ளுண்ணும் புலவருக்கு இடமிருந்திருக்காது. ஆனால் காதலைப் பாடிய கவிஞரையும் சேர்த்து விலக்கியதற்கு அந்தக் காரணம் பொருந்தாது. படத்தில் ஔவை பாடினால் அற்புதம் நிகழ்கிறது. ஒரு பாட்டு மனத்தில் உருவாவது எங்கும் காட்டப்படவில்லை. அருள் பெற்றவராகக் காட்டியதில் கவிஞர் மறைந்துவிட்டார்.

நாஞ்சில் நாட்டு ஔவை

நாஞ்சில் நாட்டில் ஔவை தெய்வமும் ஆவார். தோவாளை வட்டம் தாழக்குடி அருகே ஔவையாரம்மன் கோயில் உள்ளது. ஆடிச் செவ்வாய்க்கிழமைகளில் பெண்கள் அங்கு கூடி, கூழும் கொழுக்கட்டையும் படைப்பர். ஆரல்வாய்மொழி அருகிலுள்ள முப்பந்தலில் ஔவை முன்னிலையில் மூவேந்தரும் பந்தலிட்டுக் கூடினர் என்பது செவிவழிச் செய்தி. வீடுகளில் இரவில் நடக்கும் ஔவை நோன்பில் ஆண்களுக்கு இடமில்லை. சிறுவனும் கொழுக்கட்டையைப் பார்க்கக் கூடாது.

இந்நோன்பில் பெண்கள் வேண்டுவது நல்ல கணவன், பிள்ளைப்பேறு, குடும்ப நலம். படத்தின் ஔவை திருமணத்தைத் தவிர்க்க இளமையைத் துறந்தவர். நோன்பின் ஔவை திருமணம் வேண்டும் பெண்ணுக்குத் துணை நிற்பவர். வாழ்க்கையை விட்டு விலகிய மூதாட்டி மட்டுமே ஔவை என்று மக்கள் கொள்ளவில்லை என்பதை இது காட்டுகிறது. அகப்பாடல்களின் ஔவைக்கும் அடுக்களையில் கொழுக்கட்டை அவிக்கும் பெண்ணுக்கும் உள்ள நெருக்கம், படத்தின் ஔவையிடம் இல்லை.

மதிப்பீடு

கோலூன்றிய மூதாட்டி உருவம் தமிழ் மனத்தில் ஊன்றியதில் இப்படத்துக்குப் பெரும் பங்குண்டு. பள்ளியில் புறநானூறு படிக்கும் மாணவர் மனத்திலும் அந்த உருவமே முதலில் வருகிறது. அதனால் அதியமானின் தோழி தந்த பாடலும் பாட்டியின் அறிவுரையாகவே படிக்கப்பட்டுவிடுகிறது. சுந்தராம்பாளின் இசைக்காகவும், பக்திப்பட மரபின் உச்சங்களில் ஒன்று என்பதற்காகவும் ஔவையார் பார்க்கத்தக்கது. ஔவையை அறிய விரும்புவோர் படத்துக்கு முன்பே அந்த 59 பாடல்களைப் படித்துவிடுவது நல்லது.