‘டிஸ்இன்ட்ரெஸ்டெட்’ என்னும் சொல்லும் திறனாய்வாளன் நிலையும்

ஒருபொருட் பன்மொழி எனக் கருதப்படும் ஆங்கிலச் சொற்களுள், மேலைத் திறனாய்வு நூல்களைத் தமிழின் வழிக் கற்பார்க்குப் பெரிதும் மயக்கம் தருவன ‘டிஸ்இன்ட்ரெஸ்டெட்’, ‘அன்இன்ட்ரெஸ்டெட்’ என்னும் இரண்டுமாம். ஓரடியிற் பிறந்து எதிர்மறை முன்னொட்டுப் பெற்று நிற்றலின், இரண்டற்கும் ‘ஆர்வமற்ற’ என்னும் ஒரு பொருளே கொள்வாருளர். அக்கோள் பொருந்துமா என்பதும், அதனால் விளையும் ஏதம் யாது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

அடிச்சொல்லாகிய ‘இன்ட்ரெஸ்ட்’ இருபொருள் உடையது. ஒன்று, ஒரு பொருளில் ஒருவர்க்குள்ள பங்கு, உரிமை, ஆதாயம் என்பன. மற்றொன்று, மனத்தின் ஈடுபாடாகிய ஆர்வம். முன்னையதை மறுப்பது ‘டிஸ்இன்ட்ரெஸ்டெட்’. பின்னையதை மறுப்பது ‘அன்இன்ட்ரெஸ்டெட்’. வழக்கின் முடிவால் தனக்கு யாதோர் ஆதாயமும் இல்லாத நடுவரை முன்னைய சொல்லாற் சுட்டுவர். வழக்குரையிற் கருத்துச் செலுத்தாது கண்ணயரும் நடுவரைப் பின்னையதாற் சுட்டுவர். ஒன்று புகழ்ச்சி, மற்றொன்று இகழ்ச்சி என்பது வெளிப்படை.

இவ்வேறுபாடு சொற்களின் பிறப்பிலேயே அமைந்ததோ எனின், அன்று. 1816-இல் ஆங்கில ஒருபொருட்சொற்களை விளக்கி நூல் செய்த ஜார்ஜ் கிராப், வேர்ப்பொருளைத் துணைக்கொண்டு சொற்களை வேறுபடுத்தினார். அம்முறை ஈண்டுப் பயன்படாது. இரு முன்னொட்டுக்களும் எதிர்மறையே குறிப்பன. அன்றியும், பதினேழாம் நூற்றாண்டில் ‘டிஸ்இன்ட்ரெஸ்டெட்’ ஆர்வமின்மையையும், ‘அன்இன்ட்ரெஸ்டெட்’ சார்பின்மையையும் உணர்த்தி வழங்கியமைக்குச் சான்றுகள் உள. பின்னரே அவை தத்தம் இடம் மாறின. எனவே வேறுபாட்டை ஆக்கியது வேரன்று, வழக்கே. ஒரு பொருளனவாய்க் கிடந்த சொற்கள் காலப்போக்கிற் பொருளாற் பிரிந்து செல்லும் இயல்பைக் கோல்ரிட்ஜ் 1817-இல் சுட்டினார்; பௌலர் 1926-இல் வெளியிட்ட வழக்ககராதியில் அதற்கெனத் தனித் தலைப்பே வகுத்தார். இன்றைய ஆங்கில அகராதிகள் சில, ‘டிஸ்இன்ட்ரெஸ்டெட்’ என்பதற்கு ஆர்வமின்மைப் பொருளையும் பதிவு செய்கின்றன. ஆதலின் சொல்லின் வடிவம் மட்டும் கொண்டு பொருள் துணிதல் கூடாது. இடம் நோக்கியே துணிதல் வேண்டும்.

இடம் நோக்காவிடின் நேரும் ஏதத்திற்கு மாத்யூ ஆர்னால்டின் 1864-ஆம் ஆண்டுக் கட்டுரை தக்க சான்றாகும். திறனாய்விற்குரிய நெறியை அவர் இச்சொல்லின் பெயர் வடிவொன்றிலேயே அடக்கிக் கூறுகின்றார். அதனை ‘ஆர்வமின்மை’ எனப் பெயர்ப்பின், திறனாய்வாளன் நூலில் ஈடுபாடற்றிருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கையாய் முடியும். அவரோ அக்கட்டுரையிலேயே, அறியும் வேட்கையே உண்மைத் திறனாய்வின் உயிர் என்கின்றார். அவர் விலக்கியது வேட்கையை அன்று. கட்சிச் சார்பையும், நடைமுறைப் பயன் கருதிய நோக்கத்தையுமே. ஒரு சொல்லைப் பிறழவுணர்ந்தமையால், ஆசிரியர் தம்மைத் தாமே மறுப்பவராகின்றார்.

‘நடுவுநிலைமை’ என்பது இச்சொல்லுக்கு யாண்டும் பொருந்துமோ எனின், பொருந்தாது. நடுவுநிலைமைக்கு இருதிறத்தார் வேண்டும். காண்ட் 1790-ஆம் ஆண்டு நூலில் அழகுணர்ச்சியைப் பற்றி இக்கருத்தையே உரைக்குமிடத்து இருதிறத்தார் இலர். பொருளைப் பெறும் விழைவு கலவாத இன்பமே அவர் கருதியது. ‘பற்றின்மை’ எனினோ துறவுப் பொருள் தோன்றி, அவ்வின்பத்தையும் உடன் நீக்கிவிடும். எனவே நடுவர்க்கு ‘நடுவுநிலைமை’ எனவும், ஆர்னால்டுக்குப் ‘புறப்பயன் கருதாமை’ எனவும், காண்டுக்கு ‘விழைவு சாராமை’ எனவும் கொள்ளுதல் ஏற்புடைத்து. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல்லே என்னும் வரையறை கலைச்சொற் பட்டியலுக்கு எளிதாகலாம். ஆனால் கருத்தை விளக்கும் உரைநடைக்கு அது தளையாகும்.

இந்நெறி தமிழிலக்கணத்திற்குப் புதிதன்று. ஈ, தா, கொடு என்னும் மூன்றும் ஒரு பொருளனவாயினும், இழிந்தோன், ஒத்தோன், உயர்ந்தோன் என்னும் கூறுவோர் நிலையால் வேறுபடும் எனத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் வகுத்துள்ளது. வேரை வினவாது, யார் யாரிடம் எவ்விடத்துக் கூறினார் என வினவிய முறை அது. பிறமொழிச் சொற்களைப் பெயர்ப்பார்க்கும் அம்முறையே வழிகாட்டத் தக்கது.