இலை உதிராத இலையுதிர் காலம்

நம் கதாசிரியர்களில் பலருக்குப் பருவங்களைப் பற்றிய ஞானம் ஆங்கில நாவல்களிலிருந்து வந்தது. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நல்ல நாவல்களைத்தான் படித்திருக்கிறார்கள். ஆனால் ஐப்பசி மாதத்து மயிலாப்பூரில் கதாநாயகி மஞ்சள் சருகுகளை மிதித்துக்கொண்டு நடக்கிறாள் என்று படித்தால், அப்புறம் அவள் அழுதால்கூட எனக்கு நம்பிக்கை வருவதில்லை. சென்னையில் அரசமரம் இலை உதிர்ப்பது மாசி, பங்குனிவாக்கில். ஐப்பசியில் மரங்கள் பச்சைப் பசேலென்று நனைந்து நிற்கின்றன.

'இலையுதிர் காலம்' என்பது மொழிபெயர்ப்பில் வந்த பருவம். ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் நமக்கென்று ஒரு பெயர் உண்டு: கூதிர். அதன் வருகையை எப்படிக் காட்டுவது என்பதற்கு நெடுநல்வாடையைவிட நல்ல பாடம் இல்லை. விசிறி உபயோகமின்றித் தொங்குகிறது. சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடக்கிறது. வீட்டுப் புறா இரை தேடப் போகாமல், இரவு பகல் தெரியாமல், இருந்த இடத்திலேயே கால் மாற்றி நிற்கிறது. நக்கீரர் வர்ணனையைத் தேடிப் போகவில்லை. வீட்டுக்குள் என்ன மாறியது என்று பார்த்தார்.

ஆனால் அவர் காட்டுவது கடற்கரைப் பட்டினம் அல்ல. தொல்காப்பியரும் கூதிரைக் குறிஞ்சிக்குக் கொடுத்துவிட்டார்; நெய்தலுக்கென்று தனியாக அவர் ஒதுக்கியது எற்பாடு என்ற சிறுபொழுதைத்தான். ஆகவே கடலோர நகரத்துக் கூதிர் நாவலாசிரியனுக்கென்றே மிச்சம் வைக்கப்பட்டிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அங்கே பார்ப்பதற்கு விஷயமா இல்லை? அக்டோபர் 20-ஐ ஒட்டித் தென்மேற்குக் காற்று ஓய்ந்து வாடை திரும்புகிறது. வடக்கே ஓடிக்கொண்டிருந்த கரையோர நீரோட்டம் தெற்கே திரும்புகிறது. மணல் மேடிட்டு அடைந்து கிடந்த அடையாற்று முகத்துவாரத்தை வெள்ளம் உடைத்துக்கொண்டு கடலில் விழுகிறது. வீட்டில் உப்பு ஜாடி நீர்த்துவிடுகிறது. வத்திக்குச்சி பற்ற மாட்டேன் என்கிறது. வாசற்கதவு உப்பிப்போய்ச் சாத்த வருவதில்லை. நகரத்தின் வருஷ மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது.

இது வெறும் சொல் பற்றிய தகராறு என்று வாசகர் நினைக்கலாம். 2015 டிசம்பர் முதல் தேதி இரவு அடையாறு வீடுகளுக்குள் புகுந்தது. வருஷந்தோறும் வருகிற பருவந்தான். அந்த வருஷம் அளவு மீறி வந்தது. ஏரியையும் சதுப்பையும் மனை என்று வாங்கிக் குடியேறிய நமக்கு அது அந்நியனைப் போலத் தோன்றிற்று. நாவல் வெள்ளத்தைத் தடுக்காது. அது அதன் வேலையும் அல்ல. ஆனால் தான் வாழும் ஊரில் எந்த மாதம் என்ன நடக்கும் என்பதை வாசகன் மறக்காமல் வைத்துக்கொள்ள உதவலாம். மறக்க உதவாமலாவது இருக்கலாம்.

கதாநாயகி அழட்டும், வேண்டாமென்று யார் சொன்னார்கள்? சாத்த வராத அந்தக் கதவுக்குப் பின்னால் நின்று அழட்டும், நம்புகிறேன்.