காஹிராவிலிருந்து லப்பைக் வரை: ஓர் எகிப்தியப் படக்கதைக் கலைஞரை முன்வைத்து

அரபுக் கல்லூரிகளில் ஹரீரியின் 'மகாமாத்'தை ஓதியவர்களுள் அதன் சொல்லடுக்கில் திணறாதவர் எவருமிலர். ஹாரிஸ் பின் ஹம்மாம் கதை சொல்ல, அபூ ஸைத் அஸ்ஸரூஜீ ஊர்தோறும் வேடம் மாற்றித் தம் நாவன்மையால் மக்களை மயக்கும் அந்த 50 மகாமாக்களை நாமும் ஓதினோம். பின்னர் ஓதிக்கொடுத்தும் வருகிறோம். எனினும் அந்நூலுக்குப் படங்களும் உண்டு என்பதை நம்மில் பலர் வெகுகாலம் அறிந்திருக்கவில்லை. ஹிஜ்ரி 634இல் (கி.பி. 1237) யஹ்யா அல்வாஸிதீ என்பார் அந்நூலைத் தம் கையாலேயே படியெடுத்து, சுமார் 100 ஓவியங்களையும் தாமே வரைந்து சேர்த்தார். அப்பிரதி இன்று பாரிஸிலுள்ள பிரான்சு தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஒட்டகக் கூட்டம், நூலகத்தில் அமர்ந்து வாதிடுவோர், கிராமத்து மக்கள் என அக்கால வாழ்வு முழுவதும் அப்படங்களில் அசைகிறது. எழுதிய கையும் வரைந்த கையும் ஒன்றே என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகிறோம்.

இன்று ஒருவரே எழுதி, ஒருவரே வரைந்து, பதிப்பாளரின் வாசலில் காத்திராமல் இணையத்தின் வழியே மக்கள்முன் வைக்கும் படக்கதைகள் உலகெங்கும் பெருகியுள்ளன. முஸ்லிம் இளைஞர்களும் இளம்பெண்களும் இத்துறையில் கணிசமாக இறங்கியுள்ளனர். தம் சொந்த வாழ்வை வரைவோர் ஒரு சாரார். சமுதாயத்தின் வழக்கை வரைவோர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் ஒரே கலைஞரிடம் எவ்வாறு மோதின, எவ்வாறு இணைந்தன என்பதைக் கெய்ரோவைச் சேர்ந்த தீனா முஹம்மதின் படைப்புகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு தடையைக் கடந்தாக வேண்டும். உயிருள்ளவற்றின் உருவம் வரைதல் கூடாது என்பது நம் ஃபுகஹாக்களில் பெரும்பாலோரின் முடிவு. நிழல் விழும் சிலைக்கும் நிழலற்ற தட்டையான படத்திற்கும் வேறுபாடு கண்டவர்கள் மாலிகி மத்ஹபில் உண்டு. எகிப்தின் முஃப்தியாக விளங்கிய முஹம்மத் பகீத் அல்முதீஈ புகைப்படத்தை ஆகுமாக்கித் தனி நூலே எழுதினார். இவ்விவாதத்தை இங்கு நாம் தீர்த்துவைக்கப் போவதில்லை. அது ஃபத்வா மன்றத்தின் பணி. ஆனால் நம் பிள்ளைகள் இப்படங்களை நாள்தோறும் பார்க்கிறார்கள் என்பது கண்கூடு. அவை என்ன சொல்கின்றன, எப்படிச் சொல்கின்றன என்று கேட்பது திறனாய்வின் பணி. 'கூடாது' என்று சொல்பவரும் எதைக் கூடாது என்கிறோம் என அறிந்து சொல்வதே முறை.

தீனா முஹம்மத் 2013இல், தம் 18ஆம் வயதில், 'காஹிரா' என்னும் தொடரை இணையத்தில் தொடங்கினார். ஹிஜாபும் கறுப்பு அங்கியும் அணிந்து, கையில் வாளேந்திய பெண்ணே அதன் நாயகி. பெயரே ஒரு சிலேடை. 'கஹர' என்னும் வேரிலிருந்து பிறந்த பெண்பால் வினையாலணையும் பெயர் அது. அடக்கி வெல்பவள் என்பது பொருள். ஃபாத்திமியர் கி.பி. 969இல் நிறுவிய நகரின் பெயரும் அதுவே. இந்நாயகி இரு முனைகளில் போரிடுகிறாள். மார்க்கத்தின் பெயரால் பெண்களை இழிவுபடுத்தும் உரையாளன் ஒருபுறம்; முஸ்லிம் பெண்களை விடுவிக்கப் போவதாகக் கூறி 2013இல் மேலாடையின்றி ஆர்ப்பரித்த 'ஃபெமன்' என்னும் ஐரோப்பியப் பெண்கள் குழு மறுபுறம். நம் சொல்லைப் பிறர் பறித்துக்கொண்டு நமக்காகப் பேசுவதை இருவரிடத்தும் அவள் மறுக்கிறாள்.

உரையாளனைக் கேலி செய்வது ஆலிம்களைக் கேலி செய்வதாகும் எனச் சிலர் வருந்தக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. அபூ ஸைத் அஸ்ஸரூஜீயும் மிம்பரில் நின்று மக்களை அழவைத்துவிட்டுத் திரைமறைவில் வேறு முகம் காட்டுபவர்தாம். அவரைப் படைத்த ஹரீரியை எவரும் மார்க்கத்தின் பகைவர் என்றதில்லை. அவர் நூலை நாம் மதரஸாவில் வைத்து ஓதுகிறோம். போலியைக் காட்டுவது அசலுக்குச் செய்யும் தொண்டேயாகும்.

'காஹிரா'வின் குறை வேறிடத்தில் இருக்கிறது. அதில் தீமை வாள்வீச்சில் முடிந்துவிடுகிறது. தெருவில் பெண்ணைச் சீண்டுபவனை அவள் தண்டிக்கிறாள், நாம் மகிழ்கிறோம், கதை நிறைவடைகிறது. 2013இல் ஐ.நா. பெண்கள் அமைப்பு வெளியிட்ட ஆய்வில், வினவப்பட்ட எகிப்தியப் பெண்களில் 99 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் ஏதேனும் ஒரு வகைத் தொல்லைக்கு உள்ளானதாகக் கூறினர். அத்தனை பேருக்கும் ஒரு வாள் போதாது. ஆசிரியருக்கும் இது தெரிந்தே இருக்கிறது. தொடரின் மிகச் சிறந்த பகுதிகள் நாயகி வெல்லும் இடங்கள் அல்ல. தன் வலிமை போதாது என்று அவள் உணருமிடமும், தொல்லைக்கு எதிராகத் தெருவில் திரண்ட சாதாரணப் பெண்களைக் காணுமிடமுமே. 2014இல் எகிப்து சட்டத்தைத் திருத்திப் பாலியல் தொல்லையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அது வாளேந்திய நாயகியின் வெற்றியன்று, குரல் கொடுத்த அப்பெண்களின் வெற்றி.

மற்றொரு குறையும் உண்டு. இத்தொடர் முதலில் ஆங்கிலத்தில் வந்தது. அரபி வடிவம் பின்னரே. ஆங்கில வாசகரை எதிரே வைத்துப் பேசும் முஸ்லிம் கலைஞருக்கு ஓர் இடர் நேர்கிறது. பாத்திரம் மனிதராக இல்லாமல் சமுதாயத்தின் சான்றிதழாகிவிடுகிறது. அமெரிக்காவில் ஹுதா ஃபஹ்மி 2017 முதல் இணையத்தில் வெளியிட்டு, 2018இல் நூலாக்கிய படக்கதைகளிலும் இவ்விடரைக் காண்கிறோம். ஹிஜாப் அணிந்தால் வெக்கையாக இல்லையா என்று ஓயாது கேட்போருக்கு அவர் நகைச்சுவையால் விடையளிக்கிறார். விடை நயமானதுதான், ஆனால் கேள்வி பிறருடையது. பிறர் கேள்விக்கே விடை சொல்லிக்கொண்டிருப்பவர் தம் கேள்வியைக் கேட்பது எப்போது? ஹுதா ஃபஹ்மி பின்னர்த் தம் குடும்பத்தையும் இளமையையும் வரையத் தொடங்கியபோதுதான் அவர் கலை ஆழம் பெற்றது. 2023இல் அவரது நூல் ஒன்று அமெரிக்க தேசிய நூல் விருதின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றதும் அத்தகைய குடும்பக் கதைக்காகவே.

தீனா முஹம்மத் இவ்விடரிலிருந்து மீண்ட வழி இன்னும் துணிவானது. அவர் அரபிக்கே திரும்பினார். தாமே அச்சிட்ட 'ஷுபைக் லுபைக்' முதற்பாகம் 2017இல் கெய்ரோ படக்கதை விழாவில் பெரும்பரிசு பெற்றது. மூன்று பாகங்களும் சேர்ந்து, அவரே செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில், 500 பக்கங்களுக்கு மேற்பட்ட நூலாக 2023இல் வெளிவந்தது. ஆங்கிலத்திலும் அந்நூல் வலமிருந்து இடமாகவே புரட்டப்படுகிறது. இம்முறை ஆங்கில வாசகரே அரபியின் திசைக்குத் திரும்ப நேர்கிறது.

தலைப்பு, விளக்கிலிருந்து வெளிப்படும் ஜின் தன் எசமானிடம் சொல்வதாக அரபுப் பிள்ளைகள் அனைவரும் அறிந்த தொடர். 'லுபைக்' என்பது நாம் அறிந்த 'லப்பைக்'தான். 'ஷுபைக்' அதனுடன் ஒலிக்கு இயைய வந்த பொருளற்ற துணைச்சொல். மொழியறிஞர்கள் இதனை 'இத்பாஃ' என்பர். 'லப்பைக்' இருமை வடிவம் என்றும், ஒரு முறைக்கு மறுமுறையாக ஓயாது பணிந்து நிற்றலைக் குறிக்கும் என்றும் ஸீபவைஹி வழிவந்த இலக்கணிகள் விளக்குவர். நம் நாட்டு லெப்பைமாரின் பெயரே இச்சொல்லிலிருந்து பிறந்தது என்போரும் உண்டு. ஹஜ்ஜில் அடியான் இறைவனிடம் சொல்லும் சொல்லை, கதையில் ஜின் மனிதனிடம் சொல்கிறது. இந்த இடமாற்றத்தில்தான் நூலின் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

நூலின் உலகில் விருப்பங்கள் சுரங்கத்திலிருந்து எடுக்கப்பட்டு, தரம் பிரித்து விற்கப்படுகின்றன. முதல்தரம் கண்ணாடிக் குப்பியிலும் மூன்றாந்தரம் தகரக் குவளையிலும் வருகின்றன. மலிவான மூன்றாந்தரம் கேட்டதைத் திரித்துக் கேட்டவரையே அழிக்கவல்லது. அதற்கு வழங்கும் பெயர் 'டி லெஸ்ஸெப்ஸ்'. 1869இல் திறக்கப்பட்ட சூயஸ் கால்வாயை எகிப்திய உழவர்களின் கட்டாய உழைப்பில் தோண்டுவித்த பிரெஞ்சுக்காரரின் பெயர் அது. குடியேற்ற ஆதிக்கத்தின் வரலாற்றை ஒற்றைப் பெயரில் சொல்லிவிடுகிறார் ஆசிரியர்.

கெய்ரோவின் தெருமுனைப் பெட்டிக்கடை ஒன்றில் மூன்று முதல்தர விருப்பங்கள் விற்பனைக்கு இருக்கின்றன. ஏழைக் கைம்பெண் அஸீஸா ஆண்டுக்கணக்கில் சேமித்து ஒன்றை வாங்குகிறாள். இவளுக்கு ஏது இவ்வளவு பணம் என ஐயுற்ற அதிகாரம் அவளைச் சிறையிலடைக்கிறது. கையெழுத்திட்டு அதை விட்டுக்கொடுக்க அவள் மறுக்கிறாள். இங்கு வாளில்லை, மறுப்பு மட்டுமே உண்டு. 'காஹிரா'வின் நாயகியைவிட இவளே வலியவளாக நம் கண்முன் நிற்கிறாள். வசதி படைத்த மாணவப் பாத்திரமான நூருக்கு வரும் துன்பம் மனச்சோர்வு. கேட்டால் கிடைக்கும், ஆனால் எதைக் கேட்பது என்று தெரியவில்லை. அந்தச் சோர்வை வரைபடங்களாகவும் கோடுகளாகவும் காட்டும் பக்கங்கள் சொற்களால் எட்டமுடியாததை எட்டுகின்றன. அப்பாத்திரத்தின் சில போக்குகளில் நமக்கு உடன்பாடில்லை. துன்பத்தின் உண்மையை அதனால் மறுப்பதற்கில்லை.

மூன்றாவது கதையே நமக்கு மிக நெருக்கமானது. கடைக்காரர் ஷுக்ரீ தொழுகையாளி. விருப்பத்தைப் பயன்படுத்துதல் மார்க்கத்தில் ஆகாது என நம்புபவர். குடும்பத்தில் கிடந்த அவற்றை விற்றுவிட முயல்கிறார். கடைக்கு நாள்தோறும் வரும் ஷவ்கிய்யா என்னும் மூதாட்டி கொடிய நோயுற்றிருப்பதை அறிந்ததும் அவர் உறுதி தளர்கிறது. தமக்கு ஆகாததைப் பிறர் உயிர்காக்கக் கொடுக்கலாமா? கொடுக்க முன்வந்தும் அவர் மறுத்தால் என் செய்வது? மூதாட்டி கூறும் விடையை இங்கு வெளிப்படுத்துவது முறையன்று. மார்க்கப் பற்றுள்ள ஒரு மனிதரை நகைப்பிற்கோ போற்றுதலுக்கோ உரியவராக்காமல், ஹலால் ஹராமை மெய்யாகவே நெஞ்சில் சுமப்பவராக வரைந்திருக்கிறார் ஆசிரியர். சமுதாயத்திற்காக வாதாடிய எந்தப் படக்கதையையும்விட இந்தக் கடைக்காரர் நமக்காக அதிகம் பேசுகிறார். அவர் யாருக்கும் விடை சொல்ல முனையவில்லை. தம் இறைவனுக்கே விடை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மற்றொன்றும் நம்மை நிறுத்தி வைத்தது. நூலில் விருப்பங்களை ஆசிரியர் அரபு எழுத்தணியாகவே வரைந்துள்ளார். எழுத்தே உருவாகி எழுந்து நிற்கிறது. உருவத்தைப் பற்றிய நம் மரபின் தயக்கம் கலையை முடக்கவில்லை, அதற்கு வேறு வாயிலைத் திறந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

நம்மவரிடையே வரையத் தெரிந்த பிள்ளைகள் உள்ளனர். சமுதாயத்தின் பெயரால் எதையாவது வரை என நாம் அவர்களை ஏவுகிறோம். அல்லது வரையவே கூடாது எனத் தடுக்கிறோம். தம் தெருவின் பெட்டிக்கடையை, தம் பாட்டியின் நோயை, தம் மனத்தின் ஐயத்தை உண்மையாக வரையும்படி சொல்வோர் அரிது. வாளேந்தியவளை வரைந்து தொடங்கிய ஓர் இளம்பெண், சில ஆண்டுகளில் கடைக்காரரின் கலக்கத்தை வரையும் முதிர்ச்சியைப் பெற்றார். அந்த அவகாசத்தை நம் பிள்ளைகளுக்கும் அளிப்பது நம் கடமையென்று கருதுகிறோம்.