மேசையில் இறங்காத கப்பல்

எட்டு முகம் கொண்ட ஒரு பச்சைப் பகடை. மூன்று முகங்களில் 'தப்பியது' என்ற குறி, இரண்டில் கண் குறி, மீதி மூன்றும் வெறுமை. 'ஸ்டார் வார்ஸ் எக்ஸ்-விங்' என்ற மேசைப் போர் விளையாட்டில் மில்லேனியம் ஃபால்கன் கப்பலின் தற்காப்பு இந்த ஒரு பகடைதான். வேறு உதவியில்லாமல் உருட்டினால், வரும் அடிகளில் ஒன்றைத் தவிர்க்க 37.5 சதவீத வாய்ப்பு. உடல் பெரிது, அடியைத் தாங்கும். ஆனால் நழுவத் தெரியாது. அந்தக் கப்பலின் குணமே அதுதான்.

2014-ல் சி-த்ரீபிஓ அட்டை வந்ததும் அந்தக் குணம் மாறியது. அட்டையின் விதி எளியது. சுற்றுக்கு ஒரு முறை, தற்காப்புப் பகடையை உருட்டுமுன், எத்தனை 'தப்பியது' விழும் என்று ஆட்டக்காரர் உரக்கச் சொல்லலாம். சொன்ன எண்ணிக்கையே விழுந்தால் கூடுதலாக ஒரு தப்பிப்பு. ஃபால்கன் ஆட்டக்காரர்கள் 'பூஜ்யம்' என்று சொல்லிவிட்டு உருட்டினார்கள். வெறுமையோ கண்ணோ விழுந்தால் கணிப்பு சரி, ஒரு தப்பிப்பு கிடைக்கும். கணிப்பு பொய்த்தால், 'தப்பியது' தானாகவே விழுந்துவிட்டது என்று பொருள். இரண்டு வழியிலும் ஒரு அடி வீண். 37.5 சதவீதம் 100 சதவீதமானது. விலை, 100 புள்ளி அணியில் வெறும் 3 புள்ளி.

புள்ளி விலை அது. கடை விலை வேறு. அந்த அட்டையைத் தனியாக வாங்க முடியாது. 'டான்டிவ் 4' என்ற பெரும் போர்க்கப்பலின் பெட்டிக்குள்தான் அது இருந்தது. பெட்டியின் விலை கிட்டத்தட்ட 90 டாலர். அந்தக் கப்பலையோ வழக்கமான 100 புள்ளிப் போட்டியில் இறக்கவே அனுமதியில்லை. பெரும் கப்பல்களுக்கென்று தனி ஆட்டமுறை இருந்தது. போட்டியில் அசல் அட்டை கையில் இருக்க வேண்டும் என்பதும் விதி. ஆக, மேசையில் வைக்க முடியாத ஒரு பொம்மையை வாங்கினால்தான் மேசையில் வைக்கக்கூடிய ஒரு அட்டை கையில் வரும். இந்த விளையாட்டின் பத்தாண்டு வரலாற்றில் என்னை மிகவும் உறுத்துவது இந்த ஏற்பாடுதான்.

எக்ஸ்-விங் மோசமான விளையாட்டு அல்ல. 2012-ல் ஃபேன்டசி ஃப்ளைட் கேம்ஸ் நிறுவனம் வெளியிட்ட இந்த ஆட்டத்தில், தன் கப்பல் எந்தத் திசையில் எவ்வளவு தூரம் பறக்கும் என்பதை ஒவ்வொருவரும் ஒரு வட்டச் சக்கரத்தில் ரகசியமாகக் குறித்துக் கவிழ்த்து வைப்பார்கள். பிறகு எல்லாக் கப்பல்களும் நகரும். எதிராளியின் மனதைப் படித்தவர் அவருடைய முதுகுக்குப் பின்னால் போய் நிற்பார். தவறாகப் படித்தவர் மோதி, அந்தச் சுற்றின் செயலை இழந்து நிற்பார். திறமைக்கு இவ்வளவு இடம் தரும் பகடை ஆட்டங்கள் குறைவு. அப்படிப்பட்ட ஆட்டத்தில் இது நடந்ததுதான் வருத்தம்.

பேரரசு அணியின் பெயர்பெற்ற விமானி சூண்டிர் ஃபெல்லை எடுத்துக்கொள்வோம். அவர் ஓட்டும் டை இன்டர்செப்டர் மூன்று அடியில் உடைந்துபோகும், கவசம் கிடையாது. ஆனால் மூன்று பச்சைப் பகடைகள் உண்டு. கண் குறிகளைத் தப்பிப்பாக மாற்றும் கவனக் காசு ஒன்று கையில் இருந்தால், சராசரியாக 1.88 அடிகளைத் தவிர்ப்பார். எதிரே ஃபால்கனின் சுழல் பீரங்கி நடுத்தூரத்திலிருந்து மூன்று சிவப்புப் பகடைகளை உருட்டுகிறது. அதன் கையிலும் கவனக் காசு இருந்தால் சராசரி 2.25 அடி. சிறிய கப்பல் மெல்லத் தேய்ந்து சாகும். எந்தப் பக்கம் பறந்தாலும் சுழல் பீரங்கி சுடும் என்பதால், பறக்கும் திறமைக்கு அங்கே மதிப்பு குறைவு.

2015 தொடக்கத்தில் 'ஆட்டோத்ரஸ்டர்ஸ்' என்ற 2 புள்ளி அட்டை வந்தது. சுடும் கப்பலின் முன்வளைவுக்கு வெளியே இருந்தாலோ, அது வெகுதூரத்திலிருந்து சுட்டாலோ, ஒரு வெறுமையைத் தப்பிப்பாக மாற்றலாம். மூன்று பகடையில் ஒரு வெறுமையாவது விழ 75.6 சதவீத வாய்ப்பு. எனவே ஃபெல்லின் சராசரி 1.88-லிருந்து 2.63-க்கு ஏறியது. அதே ஆண்டில் பேரரசர் பால்பட்டைன் வந்தார். 8 புள்ளி; ஒரு ஷட்டில் கப்பலில் இரண்டு இருக்கைகளை நிரப்பி அமர்ந்துகொண்டு, சுற்றுக்கு ஒரு முறை தன் அணியின் ஏதோவொரு பகடையை, உருட்டிய பிறகு, வேண்டிய குறிக்கு மாற்றிவிடுவார். அவரும் கைகொடுத்தால் ஃபெல்லின் சராசரி 2.95. மூன்று பகடையில் ஏறக்குறைய மூன்றுமே தப்பிப்பு. பகடை இருந்தது, அதிர்ஷ்டம் அகன்றுவிட்டது.

ஆட்டோத்ரஸ்டர்ஸ் ஆட்டத்துக்குத் தேவையான திருத்தம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சுழல் பீரங்கிகளின் ஆதிக்கத்தை அது உடைத்தது. நன்றாகப் பறப்பவருக்குப் பலன் மீண்டும் கிடைத்தது. விதி வகுத்தவர்கள் நோயைச் சரியாகவே கண்டுபிடித்தார்கள். மருந்தை வைத்த இடம்தான் தவறு. அது ஸ்டார்வைப்பர் என்ற கப்பலின் பெட்டியில் இருந்தது. ஸ்டார்வைப்பர் கடத்தல்காரர் அணியின் கப்பல். பேரரசு அணிக்காரர் அதை ஓட்டவே முடியாது. பால்பட்டைன் இருந்ததோ 'இம்பீரியல் ரைடர்' பெட்டியில். கிட்டத்தட்ட 100 டாலர். அதுவும் பெரும் கப்பல். அதையும் போட்டியில் இறக்க முடியாது. மூன்று அடியில் உடையும் ஒரு சிறு விமானத்தை முழு வலிமையோடு பறக்கவிட இன்டர்செப்டர், ஸ்டார்வைப்பர், ஷட்டில், ரைடர் என்று நான்கு பெட்டிகள் வேண்டும்.

அதே ரைடர் பெட்டியில் இன்னொன்றும் இருந்தது. டார்த் வேடரின் டை அட்வான்ஸ்டு 2012-ன் தொடக்கக் காலக் கப்பல்களில் ஒன்று. புள்ளி விலைக்கேற்ற பலம் அதற்கு இல்லை என்பது ஆட்டக்காரர்களுக்கு விரைவிலேயே தெரிந்துவிட்டது. தாக்க இரண்டே பகடைகள். அதைச் சரிசெய்யும் அட்டைகளை நிறுவனம் 2015-ல் வெளியிட்டது, இந்த 100 டாலர் பெட்டிக்குள் வைத்து. தான் விற்ற பொருளின் குறையைத் தானே ஒப்புக்கொண்டு, அந்தத் திருத்தத்தையும் மூல விலையைப் போல் பல மடங்குக்கு விற்பது வணிகத்தில் நடக்கலாம். விளையாட்டில் நடக்கக் கூடாது.

பணம் கொடுத்தால் வெற்றி என்று இதை ஒரே சொல்லில் முடிப்பவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ரைடர் வாங்கியவர் எல்லோரும் கோப்பை வாங்கவில்லை. ஃபெல் ஒருமுறை பாறையில் மோதினால் கவனக் காசு போய்விடும். பால்பட்டைன் வந்தாலும் அவரைக் காப்பாற்றுவது கடினம். மேல்தட்டுப் போட்டிகளில் அநேகமாக எல்லோரிடமும் எல்லா அட்டையும் இருக்கும், அங்கே திறமைதான் பேசும். பணம் தீர்மானிப்பது அதற்கு முந்தைய கட்டத்தை. வீட்டில் உட்கார்ந்து 100 புள்ளிக்கு அணி அமைக்கும்போது ஒருவருக்கு முன்னால் முந்நூறு தேர்வுகள், இன்னொருவருக்கு நாற்பது என்றால், போட்டியின் பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது. கிரிக்கெட்டில் விலை உயர்ந்த மட்டை உண்டு. ஆனால் அதை வைத்திருப்பவரின் சிக்ஸருக்கு விதிப்புத்தகம் ஏழு ரன் தருவதில்லை. இங்கே விதியே பெட்டிக்குள் இருந்தது.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் உண்டு. பிளாஸ்டிக் வார்ப்பச்சு செய்யப் பெரும் முதலீடு வேண்டும்; வண்ணம் தீட்டித் தர வேண்டும்; உரிமத் தொகை கட்ட வேண்டும். வெறும் கப்பலை அழகுக்காக வாங்குபவர் சிலர்தான். அட்டை இருந்தால் எல்லோரும் வாங்குவார்கள். கப்பலுக்கு என்ன விலை வைத்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். விதியை அதோடு கட்டிப்போடுவதைத்தான் எதிர்க்கிறேன்.

2018-ல் வந்த இரண்டாம் பதிப்பு பாதித் தூரம் வந்தது. புள்ளிகள் அட்டையில் அச்சாகவில்லை. செயலியிலும் இலவசக் கோப்பிலும் வெளியாயின. ஒரு கப்பல் அளவுக்கு மீறி வலுத்தால் அதன் புள்ளியை உயர்த்தினால் போதும், புதிய பெட்டி வேண்டாம். பின்னர் கப்பல் இல்லாமல் அட்டைகளை மட்டும் கொண்ட பொதிகளும் வந்தன. முதல் பதிப்பிலேயே இதைச் செய்திருக்கலாம். ஆனால் பழைய கப்பல்களைப் புதிய பதிப்புக்கு மாற்றும் பெட்டி அணிக்கு ஏறக்குறைய 50 டாலர். மூன்று அணி வைத்திருந்தவர் மூன்றும் வாங்க வேண்டியிருந்தது.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமிலிருந்து இயங்கும் கேம்ஸ் வொர்க்ஷாப்பின் 'வார்ஹேமர் 40,000' இன்னும் பெரிய களம். அங்கே விதியை எழுதுவதும் பொம்மையை வார்ப்பதும் கடை நடத்துவதும் ஒரே நிறுவனம். 2019-ல் ஸ்பேஸ் மரீன் படைக்கான மூலநூலுக்கு மேல் துணைநூல்கள் தனித்தனியே விற்பனைக்கு வந்தன. அவற்றில் 'அயர்ன் ஹேண்ட்ஸ்' துணைநூல் போட்டிகளைச் சூறையாடியது. சில வாரங்களிலேயே திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. 2022-ல் 'லீக்ஸ் ஆஃப் வோட்டான்' படையின் விதிகள் முதலில் ஒரு சிறப்புப் பெட்டியோடு வந்தன. பலம் மிகையாக இருந்ததால் சில போட்டி அமைப்பாளர்கள் அந்தப் படையைத் தடை செய்தார்கள். நூல் பரவலாகக் கடைக்கு வருமுன்பே நிறுவனம் விதியைத் திருத்தியது. காசு கொடுத்து வாங்கும் நூல், கைக்கு வரும்போதே பழையது.

இந்த ஆட்டத்தில் இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. பொம்மைகளைத் துண்டு துண்டாக ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் வண்ணம் தீட்ட மாதக்கணக்கில் ஆகும். வலுவான படை என்று நம்பி அந்த உழைப்பைக் கொட்டியவர் முடிக்கும்போது, படையின் பலம் குறைக்கப்பட்டிருக்கும். 2021 இறுதியிலிருந்து சமநிலைத் திருத்தங்களை இலவசமாகத் தருவதும், 2023 தொடக்கத்தில் புள்ளிப் பட்டியலை இலவசமாக்கியதும், அதே ஆண்டு 10-ஆம் பதிப்பைத் தொடங்கும்போது எல்லாப் படைகளுக்கும் அடிப்படை விதிகளை இலவசமாகத் தந்ததும் பாராட்டுக்குரியவை. பிறகு படைநூல்கள் ஒவ்வொன்றாக மீண்டும் விலைக்கு வரத் தொடங்கின. புதிய நூலோடு புதிய பலம் வருகிறதோ என்ற ஐயமும் திரும்பி வந்தது.

வேறு வழி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1990-ல் வெளியான 'டிபிஏ' என்ற பழங்காலப் போர் விதிநூலில் ஒரு படைக்கு 12 அலகுகள்தான். யார் வார்த்த பொம்மையையும் வைக்கலாம். விதியை விற்பவர் வேறு, பொம்மையை விற்பவர் வேறு என்பதால், ஒரு படையை வலுவாக்கி லாபம் பார்க்கும் ஆசைக்கே அங்கு இடமில்லை.

2024-ல் அட்டாமிக் மாஸ் கேம்ஸ், அதற்குள் தன் கைக்கு வந்திருந்த எக்ஸ்-விங்கின் வளர்ச்சியை நிறுத்தியது. ஆட்டம் சாகவில்லை, ஆட்டக்காரர் குழுக்கள் புள்ளிகளைத் தாங்களே வகுத்து இலவசமாக வெளியிட்டு நடத்துகின்றன. பெட்டி விற்கும் அவசரம் அவர்களுக்கு இல்லை.

எந்த மேசைப் போர் விளையாட்டுக்கும் உள்ளூர்ப் போட்டி நடத்துபவர்கள் நிறுவனத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த போட்டி அறிவிப்பிலேயே மூன்று விதிகளைச் சேர்க்கலாம். பொம்மையைச் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும், ஆனால் அதன் விதிக்கு அச்சிட்ட தாளே போதும். கடைக்கு வந்து ஒரு மாதம் ஆகாத படைநூல் செல்லாது. போட்டி நாளுக்கு இரண்டு வாரம் முன்பு வரை வந்த திருத்தங்கள் மட்டுமே செல்லும்.