குடத்தை நகலெடுக்கலாம், குதிரையை?

புதிதாக வாங்கிய மின்னணுத் தம்புராவை முதன்முதலாக முடுக்கிக் கேட்கும் பத்து நிமிஷத்தை நம்பக் கூடாது. அந்தப் பத்து நிமிஷமும் அதற்குத்தான் வெற்றி. திருகினால் கட்டை மாறுகிறது, பஞ்சமம் பிசகாமல் நிற்கிறது. நிஜத் தம்புராவாக இருந்தால் அந்த நேரத்தில் பிருடையைத் திருகி, மணியை நகர்த்தி, ஜீவா நூலை இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்போம், பாட்டு தொடங்கியிருக்காது. ஆனால் சுருதி என்பது இரண்டு மணி நேரம் கூடவே இருக்க வேண்டிய சங்கதி. அதற்கு வைக்க வேண்டிய பரீட்சை வேறு.

கிடார்காரர்கள் இந்தப் பாடத்தைச் சற்றுத் தாமதமாகப் படித்தார்கள். வால்வு வைத்த பழைய ஆம்ப்ளிஃபையர்கள் கனமானவை, சூடேறுபவை, முழுச் சத்தத்தில்தான் குரல் திறப்பவை. அவற்றின் ஒலியைக் கணக்கீட்டால் போலச் செய்யும் கருவிகள் 1990களில் வந்தன. ரோலண்டின் வி.ஜி.-8 1995இல் வந்தது. லைன் 6 நிறுவனத்தின் சிவப்பு நிற 'பாட்' 1998இல். வீட்டில் தனியாக வாசிக்கையில் இவை பிரமாதமாக ஒலித்தன. டிரம்ஸுக்கும் பேஸுக்கும் நடுவே போனதும் குரல் அமுங்கிவிட்டது என்று பலர் புலம்பினார்கள். 2011இல் வந்த கெம்பர் என்ற கருவி வேறு வழியில் போனது. நிஜ ஆம்ப்ளிஃபையருக்குள் சோதனை ஒலிகளை அனுப்பி, மறுபக்கம் வருவதைக் கேட்டு, அதன் சுபாவத்தைக் கற்றுக்கொண்டது. இப்போது அதே வேலையை நரம்பியல் வலைப்பின்னல்கள் செய்கின்றன. கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டால் அசலா நகலா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

நகல் சுருதி நம்மிடம் அதற்கு முன்பே வந்துவிட்டது. விமானத் தொழிற்சாலையில் பொறியாளராக இருந்த புல்லாங்குழல் கலைஞர் ஜி. ராஜ்நாராயண், பெங்களூரில் ராடெல் நிறுவனத்தைத் தொடங்கி மின்னணு சுருதிப்பெட்டியைக் கொண்டுவந்தது 1970களின் கடைசியில். ராக் இசைக்காரர்கள் வால்வுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே நம் பாகவதர்கள் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாட ஆரம்பித்துவிட்டார்கள். மரபில் ஊறியவர்கள் என்று பெயர் எடுத்தவர்கள் இவ்வளவு சுலபமாக இணங்கியது எப்படி?

காவிரிப் படுகைக்காரர்களுக்கு இது பெரிய ஆச்சரியமாக இருக்காது. இங்கே வெளியிலிருந்து வந்த எந்த வாத்தியமும் அதிக நாள் வாசலில் நின்றதில்லை. இரண்டாம் சரபோஜியின் அரண்மனையில் மேல்நாட்டு பேண்டு முழங்கியது. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு வயலினைக் கையாண்டார்; சுவாதித் திருநாள் அவருக்குத் தந்தத்தில் செய்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார். கிளாரினெட் சதிர்க் கச்சேரிக்குள் புகுந்தது. ஏன், தஞ்சாவூர் வீணையே ஒரு காலத்தில் புதுமைதான். 17ஆம் நூற்றாண்டில் ரகுநாத நாயக்கர் காலத்தில்தான் 24 மெட்டுகளும் நிலையாக நின்றன என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. ராகத்துக்கு ராகம் மெட்டை நகர்த்திக்கொண்டிருந்தவர்களுக்கு அன்று அதுவும் இயந்திரத்தனமாகப் பட்டிருக்கலாம்.

பெட்டி வந்ததால் இங்கே முதலில் வேலை இழந்தவர் ஒத்துக்காரர். தம்புராவுக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள் இவரை நினைப்பதே இல்லை. நாகஸ்வரத்தின் பக்கத்தில் நின்று, ஒரே சுவரத்தை, மூச்சு விடுவது தெரியாமல், சுவாமி நான்கு வீதியும் சுற்றி வரும் வரை ஊதுவது அவர் வேலை. குழலின் கீழ்ப்பகுதித் துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதி சேர்ப்பார். ராகம் அவருக்கு இல்லை, ஆலாபனை இல்லை, பேர் இல்லை. முதலில் துருத்தி வைத்த சுருதிப்பெட்டி அவர் இடத்தைப் பிடித்தது. பிறகு மின்னணுப் பெட்டி. இழப்பு என்றால் இதுவும் இழப்புதான். என்றாலும் ஒரு மனிதனின் நுரையீரலை வாழ்நாள் முழுக்க ஒரு சுவரத்தில் கட்டிப்போடும் ஏற்பாட்டை மரபு என்ற பெயரால் தூக்கிப் பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. மேடைத் தம்புராவிலும் இதே கதைதான். பின்னால் உட்கார்ந்து இரண்டரை மணி நேரம் மீட்டும் சிஷ்யையின் பெயர் எத்தனை அழைப்பிதழ்களில் அச்சானது? பெட்டியைத் திட்டுமுன் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பெட்டியின் நிறைகளில் ஒன்று இந்த மண்ணுக்கே உரியது. சம்பா நடவு முடிந்து ஐப்பசி, கார்த்திகை அடைமழை பிடித்துவிட்டால் டெல்டாவில் மரமும் கம்பியும் சொன்னபடி கேட்பதில்லை. பிருடை ஊதிப்போய் இறுகும், கம்பியில் துரு ஏறும். கோடையில் வீணையின் மெட்டுகளைத் தாங்கும் மெழுகு இளகும். மறுபடி மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சுருதிக்குப் பதிக்க, ஆளைத் தேட வேண்டும். பெட்டிக்கு மழையும் வெயிலும் ஒன்றுதான். மின்சாரம் மட்டும் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டை, வேதாரண்யம் பக்கம் நாள்கணக்கில் அதுவும் இல்லை என்பது வேறு விஷயம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, பாட்டு கற்றுக்கொள்ளும் குழந்தைகளின் வீடுகளில் பெரும்பாலானவற்றில் ஒரு நாளும் தம்புரா இருந்ததில்லை என்பது. அங்கே பெட்டி வெற்றிடத்தைத்தான் நிரப்பியது. இன்று கைப்பேசிச் செயலி அதையும் இலவசத்துக்கு அருகில் கொண்டுவந்துவிட்டது.

குறைகளுக்கு வருவோம். அடிக்கடி கேட்கும் குறை, பெட்டியின் பஞ்சமம் சுத்தமில்லை என்பது. இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சுருதி இடைவெளியை அளக்கும் சென்ட் கணக்கில் இயற்கையான பஞ்சமம் 702, கீபோர்டில் இருப்பது 700. இரண்டு சென்ட் வித்தியாசத்தைக் கச்சேரிக் கூடத்தில் யாரும் கேட்கப் போவதில்லை. அந்தர காந்தாரம் வேறு விஷயம்: இயற்கையில் 386, கீபோர்டில் 400. நன்றாகச் சேர்ந்த தம்புராவின் மந்தரக் கம்பியிலிருந்து யாரும் மீட்டாமலே எழும் சுயம்பு காந்தாரம் முன்னது. எனவே தம்புரா ஒலிக்குப் பதிலாகக் கீபோர்டைச் சுருதிக்கு வைத்துக்கொள்கிறவர்கள்தான் கவலைப்பட வேண்டும்.

உண்மையான குறை கட்டை மாற்றும் திருகில் இருக்கிறது. ஒரு கட்டையில் பதிவான தம்புராவை ஐந்து கட்டைக்கு உயர்த்தும்போது, மலிவான கருவிகளும் செயலிகளும் பதிவையே வேகப்படுத்துகின்றன. கம்பியின் சுருதி ஒன்றரை மடங்கு ஏறுகிறது, சரி. கூடவே குடத்தின் அதிர்வுகளும் ஒன்றரை மடங்கு ஏறிவிடுகின்றன. அதாவது மரக்குடம் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கிவிட்டது. நிஜத்தில் கம்பியை முறுக்கினால் குடம் சுருங்காது. பெட்டியின் ஒலி மேல் கட்டைகளில் மூக்கால் பேசுவது போல் இருப்பதற்கு இதுதான் காரணம். இரண்டாவது குறை சுழற்சி. பதிவு சில வினாடிகளுக்கு ஒருமுறை தொடங்கிய இடத்துக்கே வருகிறது. முதல் பத்து நிமிஷத்தில் இது காதில் விழாது. ஒரு மணி நேரம் ஆனதும் பாடுகிறவருக்குக் காரணம் தெரியாத ஓர் அலுப்பு வரும். விரல் மீட்டும்போது எந்த இரண்டு மீட்டும் ஒன்றாக இருப்பதில்லை என்பதைக் காது தெரிந்து வைத்திருக்கிறது.

இவை இரண்டும் தீர்க்கக்கூடியவை. அதிக நினைவகமும் கூடுதல் பதிவுகளும் போதும். தீராத ஒன்றுக்கு ராமனிடம் போக வேண்டும்.

திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் ஒளிக்கு வருமுன் ஒலியில் இருந்தார். அவர் மனைவி லோகசுந்தரி வீணை வாசிப்பவர். இந்தியத் தந்தி வாத்தியங்கள் பற்றி 1921இல் ராமன் வெளியிட்ட கட்டுரை ஒரு விநோதத்தைக் காட்டியது. கம்பியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் அசையாமல் நிற்க வேண்டிய மேல் சுவரங்கள் பிறக்கவே கூடாது என்பது அதுவரை சொல்லப்பட்ட விதி. தம்புராவிலும் வீணையிலும் அவை தாராளமாகப் பிறக்கின்றன. காரணம், கம்பியைத் தாங்கும் குதிரை. மேல்நாட்டு வாத்தியங்களில் உள்ளது போல அது கூர்மையான விளிம்பு இல்லை. லேசாக வளைந்த பரப்பு. கம்பி ஒவ்வொரு அதிர்விலும் அந்தப் பரப்பில் ஒட்டி ஒட்டி விலகுகிறது. தம்புராவில் அந்த ஒட்டுதலின் இடத்தைக் குறிப்பது ஜீவா நூல். வீணையில் ஆசாரி அரம் போட்டு வளைவு கொடுத்த வெண்கலத் தகடு.

பொறியியல் மொழியில் இதற்கு நேரியல் அற்ற நடத்தை என்று பெயர். இரண்டு மடங்கு பலமாக மீட்டினால் அதே ஒலி இரண்டு மடங்காக வராது. வேறு ஒலி வரும். ஆம்ப்ளிஃபையரின் வால்வும் இதே ஜாதிதான், அதன் கவர்ச்சியே அதில்தான். குடமும் ஒலிபெருக்கிப் பெட்டியும் மறு ஜாதி: எது உள்ளே போனாலும் ஒரே விதமாக நிறம் பூசி வெளியே விடுபவை. பின்னதை நகலெடுப்பது எளிது. ஒருமுறை தட்டி, அது அடங்கும் ஒலியைப் பதிவு செய்தால் போதும். ஒலிப்பதிவாளர்கள் இதை இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்பார்கள். ஒரு வினாடிகூட நீளாது. முன்னதை அப்படிப் பிடிக்க முடியாது. வால்வை இயந்திரம் கற்றுக்கொண்டது, அதற்குள்ளே போக ஒரு ஒயரும் வெளியே வர ஒரு ஒயரும் இருந்ததால்தான். ஆயிரம் விதமாக உள்ளே அனுப்பி, ஆயிரம் விதமாக வெளியே வருவதைக் கேட்க முடிந்தது. தம்புராவில் உள்ளே போகும் ஒயர் எது? விரல்தான். குதிரைக்கு முன்னால் சொருகும் துளை எதுவும் கிடையாது.

ஆகவே எல்லாவற்றையும் சேர்த்துப் பதிவில் அடைக்கும் தம்புராப் பெட்டியைவிட, வீணையில்தான் இலக்கக் கணக்கீட்டுக்கு நல்ல வேலை இருக்கிறது என்பது என் கட்சி. காண்டாக்ட் மைக் ஒட்டிய வீணை மின்கிடார் மாதிரி ஒலிக்கிறது என்று ரசிகர்கள் வெகுகாலமாகக் குறைப்பட்டு வருகிறார்கள். குறை நியாயமானது. அந்த மைக் கம்பியின் அதிர்வைக் குதிரையருகே நேராகப் பிடித்துக்கொள்கிறது. குடம் காற்றில் பூசும் நிறம் அதற்கு எட்டுவதில்லை. ஆனால் நகலெடுக்க முடியாத பகுதி, அதாவது வளைந்த தகட்டின் மேல் கம்பி செய்யும் சேட்டை, ஏற்கெனவே அசலாக அதற்குள் இருக்கிறது. விட்டுப்போனது குடம் மட்டும். ஒரு நல்ல தஞ்சாவூர் வீணையின் குதிரையில் சிறு சுத்தியலால் தட்டிப் பதிவு செய்த இம்பல்ஸ் ரெஸ்பான்ஸை அதன்மேல் ஏற்றினால் மரம் திரும்ப வருகிறது. அக்கூஸ்டிக் கிடார்காரர்கள் காலடியில் வைத்துக்கொள்ளும் சிறு பெடல்கள் இதே காரியத்தைத்தான் செய்கின்றன. இதிலும் எல்லை உண்டு. குடம் ஒலியைப் பூசுவதோடு நிற்பதில்லை. கம்பி எவ்வளவு நேரம் கார்வை பிடிக்கும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. ஃபைபர் குடத்தில் சீக்கிரம் அணைந்த கார்வையை எந்தக் கணக்கீடும் நீட்டித் தராது.

இது தஞ்சாவூருக்குக் கொஞ்சம் சங்கடமான முடிவு. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணையின் பெருமை என்று சொல்லப்படுவது பலா மரம்தான்: பண்ருட்டிப் பக்கத்து மரம், ஒரே கட்டையில் குடைந்த ஏகாண்டம், யாளி முகம். நகல் தொழில்நுட்பத்தின் கண்ணால் பார்த்தால் பெருமை இடம் மாறுகிறது. குடைந்த குடம் ஓரளவுக்கு நகலாகும். நகலாகாதது, பட்டறையில் கடைசி நாள்களில் நடக்கும் வேலை: மெழுகில் மெட்டைப் பதித்துக் காதால் மேளம் கட்டுவது, தகட்டை அரத்தால் இழைத்து இழைத்து ஒலி திறக்கும் புள்ளியில் நிறுத்துவது. விளம்பரப் படங்களில் உளியும் மரச்சுருளும் வருகின்றன. அரமும் காதும் வருவதில்லை. மேளம் கட்டத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே போவது, பலா கிடைக்காததைவிடப் பெரிய பிரச்சினை என்றே சொல்வேன்.

மேடைப் பழக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. அசல் தம்புராவை அழகுக்கு நிறுத்திவிட்டு, பெட்டியின் ஒலியை மானிட்டரில் ஏற்றிக்கொள்ளும் கச்சேரிகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். போதாதற்குப் பக்கவாத்தியக்காரர் கைப்பேசியில் இன்னொரு செயலி. இரண்டும் மயிரிழை விலகினால் எழும் அலையடிப்பு, ஒரு நல்ல தம்புராவின் ரீங்காரத்தைப் போலவே தொடக்கத்தில் சுகமாகத் தோன்றும். பாடகர் காந்தாரத்தில் நின்று கார்வை கொடுக்க முயலும்போதுதான் நிற்க இடமில்லை என்று தெரியும். திருவையாற்று ஆராதனையில் நூற்றுக்கணக்கானோர் பஞ்சரத்தினம் பாடும்போது எந்தச் சுருதியும் கரைந்துதான் போகும், அங்கே இது பொருட்டில்லை. ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் சபையில் பொருட்டுதான். ஒன்று போதும், அதையும் பாதியாகக் குறைத்து வைக்கலாம்.

பெட்டி செய்கிறவர்களிடம் கேட்க எனக்கு ஒன்று இருக்கிறது. சந்தையில் கிடைக்கும் பல பதிவுகளில் என் காதுக்கு மிரஜ் ஊர்த் தம்புராக்களின் சுரைக்குடச் சாயல்தான் அதிகம் படுகிறது. தஞ்சாவூர்ப் பலாக்குடத் தம்புராக்கள், ஆண் குரலுக்கொன்று பெண் குரலுக்கொன்று என்று இரண்டையாவது எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அரைக் கட்டையிலும் தனியாகச் சுருதி சேர்த்து, ஒரே ஆள் அரை மணி நேரம் விடாமல் மீட்டியதை வெட்டாமல் பதிவு செய்யுங்கள். நினைவகம் இன்று மலிவு. அப்படி ஒரு கருவிக்கு விலை கொஞ்சம் கூடினாலும் வாங்க ஆள் இருக்கும். மீட்டியவரின் பெயரைப் பெட்டியின் மேல் அச்சிட மறக்க வேண்டாம்.